முயல்கள் நம்மை மறக்கும் வரை

"மீன் வெட்டற வீட்டுப் பொண்ணுக்கு மிருகத்தோட வலி எப்படிம்மா தெரியும்?"

நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. கேட்டவர் துறைத் தலைவர், பேராசிரியர் சேஷாத்ரி. மயிலாப்பூர்க்காரர். குரலில் கடுமை இல்லை. விண்ணப்பத்தில் இருந்த நொச்சிக்குப்பம் என்ற முகவரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

"எங்க வீட்ல மீன் செத்த பிறகுதான் சார் வெட்டுவாங்க" என்றேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர்தான் டாக்டர் ஜமீலா, விலங்குக் கூடத்தின் கால்நடை மருத்துவர். வேலை எனக்குக் கிடைத்தது.

இதை இப்போது எழுதக் காரணம், அந்தக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேர். மத்திய அரசின் விதிகள் இப்போது வந்துவிட்டன. விலங்குகளை வைத்து ஆய்வு செய்கிற ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஒழுங்குமுறைக் கமிட்டி வைக்க வேண்டும், கமிட்டி கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். மிரண்டுபோய் என்னைத் தேடி வந்து, "அக்கா, அந்தக் காலத்துல எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் காலம் என்பது சில வருடங்களுக்கு முன்புதான். எனக்கு முப்பது வயதாகிறது. பணி ஓய்வு பெற்றவள். இரண்டும் உண்மை.

விதிகள் வருவதற்கு முன்பே எங்கள் பல்கலைக்கழகம் தானாக ஒரு கமிட்டி வைத்திருந்தது. வளாகம் அடையாறுப் பக்கம். கமிட்டி சும்மா காகிதத்தில் இருக்கக் கூடாது என்பதற்காக, தினமும் விலங்குகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் உதவியாளர் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பதவிக்குத்தான் நான் போனேன். விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. சாந்தோம் சாலையோரத்தில் அம்மா மீன் விற்கிற இடத்தைத் தாண்டித்தான் காலையில் பஸ் ஏறுவேன். அம்மா வாடிக்கைக்காரர்களிடம், "தோ போவுது பாரு, எம்பொண்ணு. கெவுருமெண்ட்ல முசலுக்கு ஆபிசரு" என்பாள். நான் திருத்தியதில்லை.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எலியை எப்படிப் பிடிப்பது, சுண்டெலிக்கு எப்படி ஊசி போடுவது, கூண்டை எப்படிக் கழுவுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். மீதியெல்லாம் ஜமீலா டாக்டருடன் நின்று பழகியது.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார். பதில் நீளமாக இருந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார். ஒரு விலங்கு செத்தால் துக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதும் வாக்கியத்தில் ஒரு சொல் தப்பாக இருந்தால் அன்றைக்கு முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும். ஆய்வுக்கூடங்களில் விலங்கைக் கொல்வதை 'சாக்ரிஃபைஸ்', அதாவது தியாகம், என்றுதான் எழுதுவார்கள். நானும் அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.

"சாக்ரிஃபைஸ் பண்ணது யாரு? எலியா, நீயா?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க மேடம்."

"எல்லாரும் எழுதட்டும். எலி தானா வந்து தலையைக் குடுக்கல. கொன்னோம்னு எழுது."

முயலைத் தூக்குவதில் அவர் காட்டிய கண்டிப்பு வேறு வகை. ஒரு கையால் கழுத்துப் பக்கத்துத் தளர்ந்த தோலைப் பிடிக்க வேண்டும். அதே நொடியில் மறுகை பின்பாகத்துக்கு அடியில் போயிருக்க வேண்டும். பின்கால்கள் காற்றில் தொங்கினால் முயல் உதைக்கும். அதன் உதைக்கு அதன் முதுகெலும்பே உடைந்துபோகும். தூக்கியதும் அதன் முகத்தை நம் முழங்கை மடிப்புக்குள் மறைத்துவிட்டால் அமைதியாகிவிடும். "பாக்காத வரைக்கும்தான் அதுக்கு நிம்மதி" என்பார். காலையில் கூண்டுக்குப் போனதும் முதலில் முயலைப் பார்க்கக் கூடாது. தட்டில் மிச்சமிருக்கும் தீனியையும், கீழ்த்தட்டில் விழுந்திருக்கும் புழுக்கைகளையும் பார்க்க வேண்டும். உருண்டையாக, நிறைய இருந்தால் நல்லது. சிறுத்து, கொஞ்சமாக இருந்தால் அது சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்பதுதான் நம் வேலை.

சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் எனக்கு வேறொரு கவலை வந்துவிட்டது.

முதலில் தும்மல். பிறகு கண் அரிப்பு. பிறகு, முயல் அறையைச் சுத்தம் செய்யும் நாட்களில் மார்புக்குள் ஒரு விசில். படியேறினால் விசில் சத்தமாகும். தகுதிகாண் பருவம் முடிந்து என்னை நிரந்தரமாக்க வேண்டுமென்றால் மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். விலங்குக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு விலங்கின் முடியே ஆகாது என்று தெரிந்தால் அந்தச் சான்றில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அதனால் மறைத்தேன். ஆட்கள் இருக்கும்போது மூக்கால் மட்டும் மூச்சு விட்டேன். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய பதில்களை மட்டும் சொன்னேன். 'திமிர் பிடித்தவள், ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள்' என்று துறையில் பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். இளைப்புக்காரி என்பதைவிடத் திமிர்க்காரி மேல்.

வீட்டில் மறைக்க முடியவில்லை.

"இன்னாடி, ராத்திரிலாம் பூனை மேரி கர்ர்ருனு கீது ஒன் நெஞ்சு?" என்றாள் அம்மா.

"சளிம்மா."

"வருசம் பூரா சளியா? எத்தினி கஷாயம் குட்ச்சிகினு கீறே!"

ஜமீலா டாக்டரிடமும் மறைக்க முடியவில்லை. ஒருநாள் தீனி மூட்டையை நகர்த்திவிட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் கதவருகில் நின்றிருந்தார். விசில் அவருக்குக் கேட்டிருக்கும். ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"இங்க பாரு கஸ்தூரி. உன் கன்ஃபர்மேஷன் ஆர்டர் வர்ற வரைக்கும் என் காதுல எதுவும் விழல. ஆர்டர் வந்துட்டா உன்னை வேற செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லலாம். வரலேன்னா வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க. புரியுதா?"

"புரியுது மேடம்."

"அதுவரைக்கும் எங்கயாவது ஓரமா உக்காந்து மூச்சு வாங்கிக்க. யார் கண்ணுலயும் படாதே."

யார் கண்ணிலும் படாத இடம் முயல் அறையின் மூலைதான். காற்றுக்காக வெளியே போனால் தாழ்வாரத்தில் யாராவது பார்ப்பார்கள். என்னை இளைக்கவைத்த அறையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, முகத்தில் ஈரக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, கதவிடுக்கில் வரும் மங்கல் வெளிச்சத்தில், விசில் அடங்கும் வரை உட்கார்ந்திருப்பேன். அசைந்தால் விசில் கூடும் என்பதால் அசையவே மாட்டேன்.

அப்போது அந்த அறையில் இருந்தவை சேஷாத்ரி சாரின் முயல்கள். எலும்பு முறிவில் வைக்கும் ஒரு புதுப் பொருளைச் சோதிக்கிற ஆய்வு. தொடை எலும்பில் அறுவை செய்து, பொருளை வைத்துத் தைத்திருந்தார்கள். அறுவைக்கு முறையாக மயக்க மருந்து கொடுத்தார்கள். அதில் குறை இல்லை. ஆனால் பிறகு கொடுக்க வேண்டிய வலி மருந்தை நிறுத்திவிட்டார்கள். அந்த வகை மருந்து எலும்பு வளர்வதைத் தாமதப்படுத்தலாம், முடிவுகள் கெட்டுவிடும் என்பது சாரின் வாதம். வாதம் தப்பில்லை. "தீனி தின்னறது, உட்காந்துண்டு இருக்கறது. வலி இருந்தா தெரியாதா?" என்றார்.

தெரியாது. அதை நான் அந்த மூலையில்தான் கண்டுகொண்டேன்.

கதவைத் திறந்து ஆள் வந்தால் முயல்கள் நிமிர்ந்து உட்காரும். காது விறைத்துக்கொள்ளும், கண் பளபளக்கும். பார்ப்பதற்கு ஆரோக்கியத்தின் படம் போல இருக்கும். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, வெகுநேரம் கழித்து, அவை என்னை மறந்துபோயின. ஒவ்வொன்றாகக் காது சரிந்தது. முதுகு கூனியது. இரண்டாவது கூண்டில் இருந்தது வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டது. பிறகு அந்தச் சத்தம். மணலில் கல்லைத் தேய்ப்பது போல. முதலில் என் மார்பிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். மூச்சை நிறுத்திப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை. அந்த முயல் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஜமீலா டாக்டரிடம் சொன்னேன். அவர் நம்பினார். ஆனால் போய்ப் பார்த்தபோது, அவர் கதவைத் திறந்ததுமே எல்லாம் நிமிர்ந்துகொண்டன.

"நான் எழுதினா சார் ஒத்துக்க மாட்டார். புழுக்கை கம்மியா இருக்குன்னா, ஆபரேஷனுக்கப்புறம் அப்படித்தான் இருக்கும்பார். நீ பாத்தேன்னு சொன்னா, அங்க என்னத்துக்கு உக்காந்திருந்தேன்னு கேப்பார்." பேனா மூடியைக் கடித்தார். "உன் ஆர்டர் அடுத்த மாசம் வந்துடும்."

"அதுவரைக்கும் அது பல்லைக் கடிக்கட்டுமா மேடம்?"

அந்த வாரமே கமிட்டி பார்வைக்கு வருவதாக இருந்தது.

கமிட்டி வந்தது. எல்லாரும் ஒரே கூட்டமாக, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, தாழ்வாரத்தில் பேசிக்கொண்டே வந்தார்கள். யாரோ எல்லா டியூப்லைட்டையும் போட்டார்கள். கதவு படீரென்று திறந்தது. அத்தனை முயல்களும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தன.

"அட, ஜம்முனு இருக்கே!" என்றார் ஒருவர்.

"நம்ம வீட்டுப் பசங்களைவிட சமர்த்தா உக்காந்திருக்கு" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சுற்று சுற்றிவிட்டு வடை சாப்பிடப் போனார்கள்.

கூட்ட அறையில், சாரின் ஆய்வு பற்றிய விவாதம் வந்ததும், கமிட்டி உறுப்பினரான அவர் நாகரிகமாக எழுந்து வெளியே போனார். தன் ஆய்வைத் தானே தீர்மானிக்கக் கூடாதல்லவா. ஆனால் கதவுக்கு வெளியே, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். "நான் இங்கே இல்லைன்னு வெச்சுக்கோங்கோ" என்றார். அறுவைக்குப் பிந்தைய பார்வைத் தாளில் 'இயல்பு நிலை' என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆய்வு தொடரும். தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். மார்பில் விசில் ஆரம்பிக்கப் போகிறது என்று தெரிந்தது.

"நான் போட முடியாது சார்."

'இங்கே இல்லாத' சேஷாத்ரி சார் உள்ளே வந்துவிட்டார்.

"ஏன்மா? இவா எல்லாரும் இப்பதானே பாத்துண்டு வந்தா. நன்னாத்தானே இருக்கு?"

"இவங்க பார்த்தது பயம் சார். பயந்தா அப்படித்தான் உட்காரும். நம்மளை மறந்த பிறகுதான் வலியைக் காட்டும். ரெண்டாவது கூண்டு பல்லைக் கடிக்குது."

"நீ எப்போ பாத்தே?"

"ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் சார்."

"கூண்டைப் பாத்துட்டு வர்றதுதானே உன் வேலை? இருட்டு ரூம்ல உட்காந்து தூங்கறதுக்கா உன்னைப் போட்டிருக்கு?"

ஜமீலா டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையைத் துளி அசைத்தார். வேண்டாம் என்று. தூங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு திட்டோடு போயிருக்கும். ஆனால் தூங்கினவளின் சொல்லை யார் எடுத்துக்கொள்வார்கள்? எதற்கு உட்கார்ந்தேன் என்று சொன்னால்தான் எதைப் பார்த்தேன் என்பது நிற்கும்.

"மூச்சுத் திணறி உட்கார்ந்தேன் சார். எனக்கு முயல் முடி ஒத்துக்கல. அசைய முடியாம உட்கார்ந்திருந்தேன். அதனாலதான் அதுங்க என்னை மறந்துச்சு."

விசில் இப்போது எல்லாருக்கும் கேட்டது. இனி அடக்கிப் பயனில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன்.

கமிட்டியில் வெளியாள் ஒருவர் இருந்தார். நாகராஜன், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், மேற்கு மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வடையைப் பற்றித் தவிர வேறெதற்கும் அவர் கருத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

"நான் போய் உக்காந்து பாக்கறேனே. எனக்கென்ன, வீட்ல போயும் சும்மாதானே உக்காரப் போறேன்" என்று எழுந்தார்.

விளக்கை அணைத்து, அவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஓர் இருமல். "சாரி, கெடுத்துட்டேன். முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்" என்று குரல் வந்தது. மறுபடியும் அமைதி. தாழ்வாரத்தில் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முயல்கள் இன்றைக்கு மறக்காவிட்டால்? இரண்டாவது கூண்டில் இருப்பது தூங்கிப்போயிருந்தால்? சொல்லக் கூடாததைச் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பதிலாக எதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்பதுதான் அந்த நேரத்தில் என் பயம் முழுவதும்.

நாகராஜன் வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. சாரைப் பார்த்து, "நீங்களும் போய் உக்காருங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

சேஷாத்ரி சார் போனார். வெகுநேரம் வரவில்லை. மிச்சமிருந்த வடை ஆறிப்போனது, ஒருவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வெளியே வந்தவர் கோட்டில் ஒட்டியிருந்த முடியைத் தட்டினார். என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தி இரண்டடி தள்ளி நின்றார்.

"ஜமீலா, எலும்பைத் தொந்தரவு பண்ணாத மருந்து ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். வேற வகை. மூளைக்குப் போற வலியை மட்டும் மட்டுப்படுத்தும். எலும்பு வளர்றதுக்கு அது குறுக்கே வராது. ராத்திரிக்கும் சேர்த்துப் போடணும், அவ்வளவுதான்."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"அன்னிக்கு நீங்க கேக்கல சார்."

அன்றே ஊசி போட்டார்கள். மறுநாள் காலை கீழ்த்தட்டுகளில் புழுக்கை உருண்டையாக, நிறைய விழுந்திருந்தது. அறுவை செய்த விலங்கை, அது நம்மை மறக்கும் வரை உட்கார்ந்து பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. அந்தக் கூடத்தில் இன்றைக்கும் அதுதான் வழக்கம்.

அதே கூட்டத்தில் நான் சொன்னது அலுவலகத்துக்கும் போனது. மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்ததுமே எடுத்துவிட்டார். சான்று கிடைக்கவில்லை. சார் கெட்டவர் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "நான் என்னம்மா பண்ணட்டும், ரூல் அப்படி" என்றார். முயலுக்கு ஒரு விதி செய்ய ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. என் நெஞ்சுக்கு என்று எந்த விதியும் அங்கே இல்லை. யாருக்கும் அது தோன்றியதும் இல்லை. ஆணையில் 'பணி நீக்கம்' என்று தட்டச்சாகி வந்ததைப் பார்த்து ஜமீலா டாக்டர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மாலைக்குள் அது 'மருத்துவக் காரணங்களால் பணி ஓய்வு' என்று மாறியிருந்தது. அவரால் செய்ய முடிந்தது அது. நான் அதைச் சிறிதாக நினைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு முசலுக்கோசரம் வேலைய உட்டுட்டு வந்து கீறியா?"

"ஆமாம்மா."

"அது பொயச்சுக்கிச்சா?"

"இல்லம்மா. ஆராய்ச்சி முடிஞ்சதும் கொன்னுடுவாங்க. எலும்பை எடுத்துப் பார்க்கணும். ஆனா வலிச்சுக்கிட்டுக் கிடந்து சாவாது."

கூடையைத் தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தாள். "உக்காரு. மொதல்ல மூச்சு வாங்கிக்க. அப்பால பேசு" என்றாள்.

இப்போது தி. நகரில், மருந்து விற்பனை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். முயல் முடி இல்லாத காற்று. கைப்பையில் இன்ஹேலர் இருக்கிறது, அதிகம் தேவைப்படுவதில்லை.

என்னிடம் கேட்ட மூன்று பேருக்கும் என் பதில் இதுதான். கமிட்டியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. போன வாரம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் இரண்டு முறை பேச்சை நிறுத்தித் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தூசிதான் அக்கா" என்று சிரித்தார். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற பதில் அது. அந்த நீளத்துப் பதில்கள் எதை மறைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நெஞ்சு நோய் மருத்துவரைப் பார்த்தேன். குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவு பார்க்கும் சோதனைக்கு உங்கள் மூவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூச்சு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கையில் இருந்தால், நாளைக்கு அதை ஒளிக்க வேண்டிய அவசியம் இருக்காது. ஆண்டுதோறும் இந்தச் சோதனையை நிர்வாகமே செய்ய வேண்டும், மூச்சு குறைந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்க ஜமீலா டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே வந்து பேச நானும் அனுமதி வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன், மருத்துவர் வாசலில் உங்களுக்காக நின்றுகொண்டிருப்பேன்.